வலது டேங்கில் எழுபது லிட்டர்

எட்டு நாளாக அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எழுதுகிற எனக்கே அலுத்துவிட்டது என்றால், அந்த வீட்டில் இருக்கிறவர்கள் பாட்டை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

போன வார அத்தியாயத்தில் விமானம் ஓட்டும் கேப்டனைச் சோளக்காட்டில் இறக்கிவிட்டுப் பக்கத்தை மூடினேன். "ஆள் பிழைத்தாரா இல்லையா, அதையாவது சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாதா" என்று பலர் கடிதத்தில் கடிந்துகொண்டீர்கள். பிழைத்தார். விலாவில் இரண்டு எலும்பு விரிசல், நெற்றியில் ஏழு தையல். மருந்துப் பெட்டிகள் ஏற்றிப் போன அந்தச் சின்ன விமானம்தான் மூக்கு நசுங்கி, லாரியில் ஏறி விமானக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

இன்ஜின் நடுவானில் நின்றது. ஏன் நின்றது என்பதுதான் இப்போது பிரச்சினை.

அந்த விமானத்துக்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு டேங்க். இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எரிபொருள் வராது. ஓட்டுகிறவரின் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி உண்டு. இடது, வலது, மூடு என்று அதற்கு மூன்றே நிலை. அரை மணிக்கு ஒரு தடவை அதைக் கையால் மாற்றிவிட வேண்டும். சோளக்காட்டில் பார்த்தபோது இடது டேங்க் காய்ந்து கிடந்தது. வலது டேங்கில் எழுபது லிட்டர் அப்படியே இருந்தது.

தீயணைக்க வந்தவர்கள் முதல் வேலையாகக் கைப்பிடியை 'மூடு' பக்கம் தள்ளிவிட்டார்கள். அதற்கு முன்னால் அது எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்ல இப்போது ஆளில்லை.

கேப்டன் மாற்ற மறந்திருந்தால் அவர் லைசென்ஸ் போகும். மாற்றப் பார்த்தும் வால்வு இறுகித் திரும்பாமல் போயிருந்தால், மூன்று வாரத்துக்கு முன்னால் விமானத்தை முழுசாகச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட மெக்கானிக்கின் லைசென்ஸ் போகும்.

அந்த மெக்கானிக், கேப்டன் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. கொட்டகையில் அவனுக்கு ஸ்பானர் என்று பெயர். அவன் கூப்பிடுகிற மாதிரியே நாமும் அவளை அக்கா என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு.

ஆஸ்பத்திரியில், தையல் போட்ட அன்று, "என்னங்க ஆச்சு?" என்று அக்கா கேட்டாள். கேப்டன் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "இறுகிப்போச்சு. திரும்பல." அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விசாரணைக்கு "ஞாபகம் இல்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அக்கா ஆஸ்பத்திரியில் கேட்ட அந்த 'இறுகிப்போச்சு, திரும்பல'வைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தம்பியின் போனை எடுக்கவில்லை.

இன்றைக்கு விசாரணை.

*

காலை ஏழு மணிக்கு, சலவைக் கடை மாடியில் இருக்கும் தம்பியின் அறைக்கு ஏறி வந்தாள் அக்கா. படியெல்லாம் சோப்பு வாடை.

"உள்ள வரலாமா?"

"என்னக்கா இப்படிக் கேக்கிற. வா."

ஒரே ஒரு நாற்காலி. அதில் கிடந்த சட்டைகளை அள்ளிக் கட்டிலில் போட்டான். அவள் உட்காரவில்லை.

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல."

"நான் ஒண்ணும் கொண்டு வரல."

"நான் கேக்கலையே."

எட்டு நாள் கோபமும் அந்த நாலு வரியில் வந்து போனது. அவன் திரும்பிச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தான்.

"அவரால படுக்கவே முடியல. விடிய விடிய உக்காந்தே இருக்கார்," என்றாள் அக்கா. "உன்னை ஒரு வார்த்தை குத்தம் சொன்னதில்ல. உன்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னுதான் ஞாபகம் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கார்."

"அப்படின்னு மாமா சொன்னாரா?"

"சொல்லணுமா? பத்தொன்பது வருஷமா ஓட்டுறவருக்கு டேங்க் மாத்த மறக்குமா? இறுகிப்போச்சு, திரும்பலன்னு என்கிட்ட சொன்னார்டா."

ஸ்பானர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அந்த வால்வை மூன்று வாரத்துக்கு முன்னால் கழற்றி, துடைத்து, உள்ளே புது ரப்பர் வளையம் போட்டு, ஒற்றை விரலால் திருப்பிப் பார்த்தவன் அவன். அது இறுகவில்லை என்பது அவனுக்குச் சந்தேகமறத் தெரியும். ஆனால் அதை வாய் திறந்து சொன்னால், உன் வீட்டுக்காரர் உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறார் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அம்மா போன பிறகு இவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள். இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர்.

"நான் என்ன செய்யணும்ங்கிற?"

"செஞ்ச தப்பை ஒத்துக்கோ. வேற ஒண்ணும் வேணாம். உனக்கு வயசிருக்கு, வேற வேலை பாத்துக்குவே. அவருக்கு நாப்பத்தெட்டு. இது போனா அவருக்கு வேற என்ன தெரியும்?"

"சரி."

"என்ன சரி?"

"சொல்லிடறேன்க்கா."

சண்டை போடத் தயாராக வந்தவளுக்கு அந்தச் 'சரி' என்னவோ போல இருந்தது. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நின்று பார்த்தாள். பிறகு படி இறங்கினாள்.

*

விரிசல் விட்ட விலா எலும்போடு கேப்டனால் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாது. அரைநாள் லீவு போட்டு அக்காதான் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். பத்து மணிக்குக் கொட்டகையில் ஆபீஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கேப்டனைத் தனியாக, சாமான் அறையில் உட்கார வைத்தார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக் கூடாதாம். பெஞ்சுக்கு நேர் பின்னால் ஜன்னல் திறந்து கிடந்ததை யாரும் யோசிக்கவில்லை.

விசாரணை அதிகாரி ஐம்பதைத் தாண்டிய பெண். இந்த மாதத்தில் இது அவருக்கு நாலாவது விபத்து. பாதம் வீங்கி, ஷூவை மேஜைக்கு அடியில் கழற்றிவிட்டுத்தான் எழுதினார். முதலில் ஸ்பானரைக் கூப்பிட்டார்.

"வால்வு எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் இறுக்கமா இருந்திருக்கலாம் மேடம்."

"இருந்திருக்கலாமா, இருந்துச்சா? எனக்கு ஒரு வார்த்தை போதும்."

நாற்காலி கிறீச்சிட்டது.

"இருந்துச்சு. சோதிக்கும்போதே கவனிச்சேன். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவன் படித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. பேனா ஓடுகிற சத்தம் உடனே கேட்டது. அக்காவுக்கு அப்பாடா என்று இருந்தது. கூடவே தம்பியை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. அவன் கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்தான்.

மத்தியானம் காருக்குள் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக் கேப்டன் கையில் கொடுத்தாள்.

"அவன் ஒத்துக்கிட்டான்ங்க."

"எதை?"

"வால்வு இறுகியிருந்ததை. எல்லாம் எழுதியாச்சு. கையெழுத்தும் போட்டுட்டான்."

கேப்டன் மெல்லுவதை நிறுத்தினார். "அவனா சொன்னானா?"

"பின்ன? நான் காலையில போய்ச் சொல்லிட்டு வந்தேன். மனசாட்சி உள்ள பையன், மறுக்கல."

ரொட்டி அவர் மடியிலேயே கிடந்தது. முகம் வெளுத்திருந்தது.

"வலிக்குதா?"

"ஆமா."

"மாத்திரை போட்டீங்களா?"

"அது வந்து…" என்று ஆரம்பித்தார். அக்கா கைப்பையில் மாத்திரையைத் துழாவினாள். அவள் நிமிர்ந்தபோது அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளைகள் இப்படி ஆரம்பித்து நிறுத்திய வாக்கியங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு வண்டி பாரம் தேறும்.

*

இரண்டு மணிக்கு வால்வைக் கழற்றி மேஜையில் திருகிப் பொருத்தினார்கள். கேப்டன், ஸ்பானர் இருவரையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். அக்கா கொட்டகை வாசலில் நின்றாள். போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க, அதிகாரி கைப்பிடியில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தார். முள் கொஞ்சம்தான் நகர்ந்தது, கைப்பிடி திரும்பிவிட்டது. மறுபக்கம் இழுத்தார். பத்துத் தடவை இழுத்தார். கடைசியில் தராசைக் கழற்றிவிட்டுச் சுண்டுவிரலால் தள்ளினார். அதற்கும் திரும்பியது.

"வெண்ணெய் மாதிரி போகுது," என்றார். ஸ்பானர் பக்கம் திரும்பினார். "இறுக்கமா இருந்துச்சுன்னு காலையில சொன்னீங்க."

அவன் தரையைப் பார்த்தான்.

"மெக்கானிக்குக்கு இது தெரியாம இருக்காது. தெரிஞ்சேதான் எழுதிக் கொடுத்திருக்கீங்க. விசாரணையில பொய் வாக்குமூலம் கொடுத்தா லைசென்ஸ் மட்டும் போகாது தம்பி, கேஸும் வரும். யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாருமில்ல."

வாசலில் நின்ற அக்காவுக்கும் அது கேட்டது. வால்வு இறுகவில்லை. அப்படியென்றால், என்று அவள் மனசு கணக்குப் போடுவதற்குள் கேப்டன் பேசினார்.

"மேடம், நான் மாத்தல."

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"மாத்த மறந்துட்டேன். ஞாபகம் இல்லைன்னு எழுதிக் கொடுத்தது பொய். ஞாபகம் இருக்கு."

அதிகாரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க."

"எனக்கு ஒரு பழக்கம். கடிகாரத்துல பெரிய முள் வலது பாதியில இருந்தா வலது டேங்க். இடது பாதிக்கு வந்துட்டா இடது டேங்க். பத்தொன்பது வருஷமா அதான். யோசிக்கவே மாட்டேன், கண்ணு முள்ளைப் பாக்கும், கை போய் மாத்திடும். அந்தக் கடிகாரம் நின்னுபோச்சு. போன சோதனையில மாப்ள வேற ஒண்ணு மாட்டினான், நம்பர் காட்டுறது. நல்ல கடிகாரம்தான். அவன் மேல தப்பில்ல. அதைப் பாத்தா என் கை எழும்பல, அவ்வளவுதான்."

"முள் இல்லாததால விமானம் விழுந்துச்சுன்னு எழுதவா?"

"இல்ல மேடம். நான் மறந்ததால விழுந்துச்சுன்னு எழுதுங்க."

"கடிகாரம் மாறி மூணு வாரம் ஆச்சே. அதுவரைக்கும் எப்படி ஓட்டினீங்க?"

"மாத்த வேண்டிய நேரத்தையெல்லாம் ஒரு சீட்டுல எழுதித் தொடையில ஒட்டி வெச்சுக்குவேன். இன்னொரு பைலட் வேலையை விட்டுட்டார். ரெண்டு பேர் ஓட்டுறதை நான் ஒருத்தனே ஓட்டினேன், அன்னைக்குப் பதினோராவது நாள். சீட்டு கீழ விழுந்துச்சு. பாத்தேன். குனிஞ்சு எடுக்க அலுப்பா இருந்துச்சு."

அதை அவர் சொன்ன விதத்தில் அதிகாரி எழுதுவதை நிறுத்தி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அந்த அலுப்பு அவருக்கும் தெரிந்த அலுப்புதான்.

"ரெண்டு மணி நேரம் ஒரே டேங்க்ல வந்திருக்கீங்க. வலது இறக்கை கனமாயிருக்குமே. சாயலையா?"

"சாஞ்சுது. கையால பிடிச்சுக்கிட்டே வந்தேன். ஏன் சாயுதுன்னு கேக்கத் தோணல."

"இன்ஜின் நின்னதும் முதல்ல கை போக வேண்டிய இடம் டேங்க்தானே?"

"ஆமா. போகல. எங்க இறக்குறதுன்னு மட்டும்தான் பாத்தேன். வலது பக்கம் எழுபது லிட்டரை வெச்சுக்கிட்டு சோளக்காட்டுல இறக்கினேன்."

"அப்போ வால்வு இறுகிப்போச்சுங்கிற பேச்சு எங்கேருந்து வந்துச்சு?"

அக்கா வாசலிலிருந்து உள்ளே நடந்து வந்தாள்.

"நான்தான் மேடம். காலையில அவன் ரூமுக்குப் போய் ஒத்துக்கோன்னு சொன்னேன்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

அக்கா கணவரைப் பார்த்தாள். தலை நிறைய நரை, நெற்றியில் கட்டு. அவர் அவளைப் பார்க்காமல் அதிகாரியிடம் சொன்னார்.

"நான். ஆஸ்பத்திரியில. இவ ஒருத்திகிட்டதான் மேடம் சொன்னேன். இவகிட்ட மறந்துட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வேற யார்கிட்டயும் சொல்றதா இல்ல."

"ஒருத்திகிட்ட சொன்னது என் ஃபைலுக்கு வந்துடுச்சு," என்றார் அதிகாரி.

கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழிக்க முடியாதாம். அதை வாபஸ் வாங்குவதாக இன்னொன்று எழுத வேண்டுமாம், காரணத்தோடு. மேலிடம் முடிவு சொல்லும்வரை இரண்டு பேர் லைசென்ஸும் அதிகாரி கையில். இரண்டில் ஒன்றாவது மிஞ்சும் என்று காலையில் கணக்குப் போட்டவள், இரண்டும் ஒரே உறைக்குள் போவதை நின்று பார்த்தாள்.

அதிகாரி பையை மூடினார். "நாளைக்குப் பத்து மணிக்கு உங்க முதலாளியை இருக்கச் சொல்லுங்க. ஓய்வு நோட்டைப் பாத்தேன். பதினோரு நாளும் தினம் எட்டு மணி நேரம் தூங்கினதா எழுதியிருக்கு. எல்லாம் ஒரே மையில, ஒரே மூச்சுல எழுதின மாதிரி இருக்கு. அது யார் கையெழுத்துன்னு ராத்திரி நல்லா யோசிச்சு வைங்க கேப்டன்."



*

கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் ஸ்பானர் கை கழுவிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அந்தக் கையில் கிரீஸே படவில்லை.

"உனக்குக் காலையிலயே தெரியும்ல?" என்றாள் அக்கா.

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? உன் வீட்டுக்காரர் பொய் சொல்றார்னு நான் சொன்னா, நீ என்னைத்தான் நம்பியிருக்க மாட்டே. எட்டு நாளா போனை எடுக்காதவதானே நீ. எப்படியும் மத்தியானம் தராசு போட்டுப் பாப்பாங்க. அது சொல்லட்டும், நான் சொன்னதா இருக்க வேணாம்னு விட்டுட்டேன்."

"கையெழுத்துப் போட்டியேடா."

"அவ்வளவு தூரம் யோசிக்கல." குழாயை மூடினான். "பரவால்ல விடு. நான் பஸ்ல போறேன்."

"கார்ல வா."

"வேணாம்க்கா. மாமா சங்கடப்படுவார்."

லைசென்ஸைப் பறிகொடுத்த பிறகும் அவர் சங்கடம்தான் அவனுக்கு முன்னால் நின்றது. அக்காவுக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் அவன்தான் சமாதானம் சொல்ல வேண்டிவரும் என்று அடக்கிக்கொண்டாள்.

காரில் கேப்டன் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவள் வண்டியை எடுத்தாள். கொட்டகை வாசலைத் தாண்டினார்கள்.

"மத்தியானம் சொல்லத்தான் வாயெடுத்தேன்," என்றார்.

"ம்."

"உன்கிட்ட சொன்னது இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலம்மா."

"நான் உங்களை நம்பினா போகத்தானே செய்யும்."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"மறந்துட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேங்க," என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "அசந்து போய் மறந்தீங்க, உசிரோட வந்தீங்க, அது போதும்னு இருந்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். இப்போ என் கையாலயே அவன் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டேன். அதுவும் நியாயம் கேக்கிறதா நினைச்சுக்கிட்டு."

"அவனுக்கு நான் போய்ச் சொல்றேன். மேலிடத்துல யார் காலைப் பிடிச்சாவது…"

"வேணாம். கொஞ்ச நேரம் பேசாம வாங்க."

முக்கு திரும்பியதும் பஸ் ஸ்டாப் வந்தது. ஸ்பானர் தனியாக நின்றுகொண்டிருந்தான். கொட்டகை வேலிச் சந்து வழியாகக் குறுக்கே வந்திருப்பான். காரைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் திரும்பி நின்றான். அக்கா வண்டியை ஓரம் கட்டினாள். எதிரே பஸ் வந்து நின்றது. அவன் பின்வாசலில் ஏறினான்.

அவள் இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவி, கேப்டன் கையில் வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்கம்மா போறே?"

அவள் ரோட்டைக் குறுக்கே கடந்தாள். கண்டக்டர் விசில் ஊதப்போனவன், ஓடிவருகிற பெண்பிள்ளையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

கடைசிக்கு முந்தின சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது.

"எங்கம்மா?" என்றான் கண்டக்டர்.

"இவன் எங்க இறங்குறானோ அங்க."

ஸ்பானர் திரும்பிப் பார்த்தான். "மாமா எங்கக்கா?"

"கார்ல இருக்கார்."

"அவரால ஓட்ட முடியாதேக்கா."

"தெரியும்," என்றாள் அக்கா.